கட்டு மாற்றும் கைகள்

உழைத்து உண்போருக்குக் காயம் புதிய விருந்தாளி அன்று. கதிர் அறுக்கையில் அரிவாள் விரலைப் பதம் பார்ப்பதும், வரப்பு வெட்டுகையில் மண்வெட்டி கால்விரலில் இறங்குவதும், கருவேல முள் உள்ளங்காலில் ஒடிந்து தங்குவதும் நம் விவசாய அங்கத்தினர்கள் யாவரும் அறிந்தவையே. தறியில் அமர்வோருக்கும் இதில் குறைவில்லை. தறிமரத்தின் சிராய் ஏறுவதும், சாயக் கொப்பரையின் கொதிநீர் கையில் தெறிப்பதும், விசைத்தறியாயின் நாடா துள்ளி வெளியே பாய்ந்து தாக்குவதும் தொழிலோடு கூடவே வருபவை. சிறு காயத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. பெரியதாயின் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே கழுவித் தைத்துக் கட்டுப் போட்டு, இத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அதன் பின் புண் ஆறும் வரையில் அதனைக் காப்பவர் யார்? டாக்டரும் அல்லர், தாதியும் அல்லர். மனைவியோ மகளோ தாயோ, வீட்டில் அவ்வேளையில் கை ஓய்ந்தவர் எவரோ அவர்தாம். தையல் எத்துணைத் திறமையாகப் போடப்பட்டிருப்பினும், அதனை ஆற விடுவதும் சீழ் பிடிக்க விடுவதும் பெரும்பாலும் அவருடைய கையில்தான் இருக்கின்றன. கையில் என்று நாம் கூறுவது உவமையாக அன்று. பத்து விரல்களையும் அவற்றின் நகக்கண்களையும் கருதியே கூறுகிறோம்.

எனவே இக்கட்டுரையின் உயிரான செய்தியை முதலிலேயே கூறிவிடுகிறோம். கட்டு மாற்றும்போது ஒருமுறை கை கழுவினால் போதாது. மூன்று முறை கழுவ வேண்டும். தொடங்கு முன் ஒருமுறை. பழைய கட்டை அவிழ்த்து எறிந்தபின், புதிய துணியைத் தொடு முன் மற்றொரு முறை. எல்லாம் முடிந்தபின் இன்னொரு முறை. முதலாவதைப் பலர் செய்கிறார்கள். மூன்றாவதை அருவருப்பின் காரணமாகவேனும் எல்லோரும் செய்கிறார்கள். நடுவிலுள்ளதை மட்டும் ஏறக்குறைய எவருமே செய்வதில்லை. சீழும் இரத்தமும் ஊறிய பழைய துணியைப் பிரித்த அதே விரல்களால் புதுத்துணியின் உறையைக் கிழித்து, அதே விரல்களால் அத்துணியைப் புண்ணின் மேல் வைத்து அழுத்துகிறார்கள். அப்படியாயின் முதலில் கை கழுவியதன் பயன் யாது?

பழைய கட்டிலிருப்பது அவருடைய புண்ணின் அழுக்குத்தானே, அவருக்கே திரும்பிச் சென்றால் என்ன கெடுதல் என்று சிலர் வினவக்கூடும். கட்டின் வெளிப்புறம் எங்கெங்கு பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டிலிலும் தரையிலும் மாட்டுத் தொழுவத்திலும் உரசிய துணி அது. அதன் உட்புறமோ ஈரமும் வெதுவெதுப்பும் இரத்தச் சத்தும் சேர்ந்திருப்பதால், கிருமிகள் பெருகுவதற்கேற்ற நாற்றங்காலாக இரண்டு மூன்று நாள் இருந்திருக்கிறது. நாற்றங்காலை அழித்துவிட்டு, அங்கு விளைந்ததைக் கையில் எடுத்துச் சென்று மீண்டும் நடுவதற்கு ஒப்பானது இச்செயல்.

கையே நோயைக் கொண்டு செல்கிறது என்ற உண்மை இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் படித்த வைத்தியர்களே இதனை ஒப்புக்கொள்ள மறுத்த காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் பிரசவத்திற்கென இரு பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். மாணவர்களின் பகுதியிலேதான் பிரசவித்த தாய்மார் காய்ச்சல் கண்டு ஏராளமாக இறந்தனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் இதற்குக் காரணம் தேடி அலைந்தார். 1847-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரான கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர், பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாறுதல்கள், இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. பிணச்சாலையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவர்களின் கைகளே எமனாக இருந்தன. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18-க்கு மேல் இருந்த மரணம், ஜூன் மாதத்தில் 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று.

அந்நாளைய பெரிய வைத்தியர்கள் இதனை ஏற்கவில்லை. கனவான்களின் கைகள் அசுத்தமானவை என்று கூறுவதா என்ற கோபமும் அவர்களுக்கு இருந்தது. மனம் உடைந்த செம்மல்வைஸ் 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் ஒரு மனநோய் விடுதியில் காலமானார். புண்ணிலிருந்து பரவிய நஞ்சே அவர் உயிரையும் கொண்டுபோயிற்று என்பர். அதற்கு முதல் நாள்தான் கிளாஸ்கோ நகரத்தில் ஜோசப் லிஸ்டர் என்னும் ரணசிகிச்சை நிபுணர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே தெரிய வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் கட்டுப் போட்டார். இத்தகைய காயம் என்றால் காலையே வெட்டி எடுக்கும் காலம் அது. இச்சிறுவனோ காலை இழக்காமல், சில வாரங்களில் எலும்பு கூடி எழுந்து நடந்தான். முன்னவர் கையைச் சுத்தம் செய்தார். பின்னவர் கட்டைச் சுத்தம் செய்தார். நாம் வீட்டில் கட்டு மாற்றும்போது இவ்விரண்டும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். ஆஸ்பத்திரியின் அறுவை அறையில் நடப்பது கிருமி அறவே நீக்கிய முறை. அங்குத் துணிகளையும் கருவிகளையும் அழுத்த நீராவியில், 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், குறைந்தது 15 நிமிடம் வைத்து எடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் நீரைக் கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. ஆனால் சில கிருமிகள் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்துப் போல உறங்குகின்றன. அவ்வித்துக்கள் கொதிநீரிலும் பிழைத்திருக்க வல்லவை. ஆகவே வீட்டில் நாம் கைக்கொள்ளக்கூடியது தூய முறையே. சாதாரணமாக ஆறிவரும் புண்ணுக்கு அது போதும். ஆழ்ந்த புண்ணுக்கும், உள்ளே குழாய் வைத்த புண்ணுக்கும் தாதியே கட்டு மாற்ற வேண்டும். அங்கு நம் கை நுழைதல் கூடாது. தூய முறையின் இரகசியம் ஒன்றே. உறையிலிட்டுக் கிருமி நீக்கி விற்கும் துணியை வாங்கி, புண்ணில் படப்போகும் அதன் நடுப்பாகத்தை எவர் விரலும் தீண்டாதபடி, ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து வைத்துவிட வேண்டும்.

இனிக் கை கழுவும் விதத்தைக் கவனிப்போம். கழுவுதல் என்றால் நீரில் நனைத்து உதறுவது அன்று. நம் கைகள் எழுத்து வேலை செய்பவர் கைகளைப் போன்றவை அல்ல. உழவரின் உள்ளங்கை வெடிப்புகளில் மண் புகுந்து உறைந்திருக்கும். நெசவாளரின் நகக்கண்ணில் சாயமும் பாவுக்கு இட்ட கஞ்சியும் ஒட்டியிருக்கும். மோதிரம், கைக்கயிறு இவற்றின் அடியில் நீர் புகுவதே அரிது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். சோப்பு இட்டு உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்குகள், கட்டைவிரலின் சுற்று, விரல் நுனிகள், மணிக்கட்டு ஆகிய எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ, நீர் ஊற்றுவது உட்பட 40 முதல் 60 விநாடி வரை ஆகும் என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கட்டைவிரலும் விரல் நுனிகளுமே அடிக்கடி மறந்து விடப்படுபவை. துணியைப் பிடிப்பதோ அவையே. சோப்பு, கையிலுள்ள எண்ணெய்ப் பசையைப் பிரித்து, அதனோடு ஒட்டிய கிருமியைப் பெயர்க்கிறது. ஓடும் நீர் அதனை அடித்துச் செல்கிறது. ஆதலால் பாத்திரத்தில் தேக்கி வைத்த நீரில் கையை அலசுவதால் பெரும் பயன் விளையாது.

குழாய் இல்லாத வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. அழுக்குக் கையால் செம்பை எடுத்து நீர் மொண்டு கழுவுகிறோம். கழுவிய கையால் மீண்டும் அச்செம்பையே பிடிக்கிறோம். இதற்கு எளிய பரிகாரம், வேறொருவர் நீர் ஊற்ற நாம் கழுவுவதே. குழாய் உள்ள வீட்டிலும், கழுவிய கையால் குழாயைத் திருகாமல் முழங்கையாலோ ஒரு காகிதத்தாலோ மூடுதல் நன்று. எல்லாவற்றிலும் பெரிய கேடு தோளில் கிடக்கும் துண்டு. காலையில் வியர்வை துடைத்து, நடுப்பகலில் திண்ணையைத் தட்டி, மாட்டின் முகத்தில் ஈயை விரட்டிய துண்டினால் கழுவிய கையைத் துடைத்தால், கழுவியதெல்லாம் விரயமாயிற்று. ஈரக்கையில் கிருமி எளிதில் ஏறும் என்பதும் மெய்யே. ஆகவே கை உலர்த்தத் தனியாகத் துவைத்துக் காய்ந்த துணி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லையேல் கையை உயர்த்திப் பிடித்துக் காற்றில் உலர விடலாம்.

சாராயச் சத்துக் கலந்த கை மருந்து இப்பொழுது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டுக்குப் பின் அதனை அறியாதவர் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத கையில் அதனை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் நல்ல பலன் உண்டு. கட்டு மாற்றும் நடுவில் எழுந்து செல்ல இயலாதபோது அது பெரிதும் உதவும். ஆனால் மண் படிந்த கைக்கும், சீழோ இரத்தமோ பட்ட கைக்கும் அது ஏற்றதன்று. முன் சொன்ன வித்துக்களை அது கொல்வதும் இல்லை. அங்குச் சோப்பும் நீருமே வேண்டும். ரப்பர் கையுறை பற்றியும் ஒரு சொல். கையுறை அணிந்தவர் தம் கை சுத்தமாகிவிட்டதாக எண்ணிக் கண்டதையெல்லாம் தொடுகிறார். கையுறையும் கையைப் போலவே அழுக்கைச் சுமக்கும். பழைய கட்டை அவிழ்த்தவுடன் அதனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை கழுவத்தான் வேண்டும்.

கட்டு மாற்றும் இடம் எது என்பதும் முக்கியமானது. தறி ஓடும் அறையில் பஞ்சுத் தூசி எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். தொழுவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டைப் பெருக்கியவுடனும் கட்டை அவிழ்க்கலாகாது. எழுந்த தூசி அடங்க நேரம் பிடிக்கும். விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேண்டிய துணி, ஒட்டுநாடா, கத்தரி யாவற்றையும் துடைத்த தட்டின் மேல் முன்னரே எடுத்து வைத்துக்கொண்டால், பாதியில் எழுந்து அலமாரியைத் திறக்கும் அவசியம் இராது. மனிதரில் ஏறக்குறைய மூவருள் ஒருவருடைய மூக்கினுள், ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் சீழ்க்கிருமி அவருக்கு யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. ஆதலால் இடையே மூக்கைத் தொடுவதும், புண்ணின் மேல் குனிந்து பேசுவதும், ஊதுவதும் வேண்டா. எரியும் என்று குழந்தையின் புண்ணை ஊதிவிடும் தாயின் அன்பு போற்றத்தக்கதே, ஊதுதல்தான் தக்கதன்று.

பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து இழுக்காமல், ஆறிய வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு மெல்ல எடுக்க வேண்டும். பிய்க்கும்போது புதிதாய் முளைத்த தசையும் சேர்ந்து வருகிறது. துணி வந்தபின், முன் வற்புறுத்திய இரண்டாம் கழுவுதல். அதன் பின் புண்ணைக் கழுவுதற்கு உப்பு நீர் சிறந்தது. கொதித்து ஆறிய நீர் அரை லிட்டருக்கு நான்கரை கிராம் உப்பு கணக்கு. குடிப்பதற்குத் தகுந்த சுத்தமான நீரும் போதுமானதே. சுத்தமான பகுதியிலிருந்து அழுக்கான பகுதியை நோக்கி, ஒருமுறை துடைத்த துணியை மீண்டும் புண்ணில் வைக்காமல் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டையும் நுரைக்கும் மருந்தையும் திறந்த புண்ணில் நாள்தோறும் ஊற்றுவதால், கிருமியோடு வளரும் தசையும் வாடுகிறது. எரிந்தால்தான் மருந்து என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. காப்பித் தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, சாம்பல், சிலந்தி வலை என்று கண்டதையெல்லாம் புண்ணில் அப்புவதையும் இவ்விடத்தில் கண்டிக்க வேண்டியவராயிருக்கிறோம். புண்ணை மூடாமல் காயவிட்டால் சீக்கிரம் ஆறும் என்பதும் தவறான நம்பிக்கையே. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிக் குட்டிகளின் மேலெழுந்த காயங்களை ஆராய்ந்து, மூடி ஈரப்பதம் காத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் படர்வதைக் காட்டினார்.

கட்டுத் துணியைப் பற்றி நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எனினும் அவர்கள் அறிந்ததையே இங்கு நினைவூட்டலாம். விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, கட்டுத் துணி நெய்வதற்கென்றே பேர் பெற்ற ஊர். இழைகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டு நெய்யப்படும் அத்துணி, தறியிலிருந்து இறங்கியவுடன் கோராவாக இருக்கும்போது புண்ணுக்கு உதவாது. பருத்தி நாரின் மேல் இயற்கையாகவே மெழுகு போன்ற பூச்சு உண்டு. பாவுக்கு இட்ட கஞ்சியும் சேர்ந்திருக்கும். காரம் சேர்த்து வேகவைத்து, வெளுத்து எடுத்த பின்னரே அது நீரை உறிஞ்சுகிறது. நன்கு பக்குவமான துணியை நீரின் மேல் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்கிவிட வேண்டும் என்பது மருந்து நூல்கள் விதித்த சோதனை. மிதந்துகொண்டிருப்பது சீழையும் உறிஞ்சாது. வீட்டில் கிடக்கும் பழைய வேட்டி, சேலைகளில் நூல் துணியாயின், துவைத்துக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தி இஸ்திரி போட்டு மேல்கட்டாகச் சுற்றலாம். புண்ணின் மேல் நேரே வைப்பதற்கு அது வேண்டா. உறை பிரித்து மிஞ்சிய துணியை மடித்து வைத்து, கிருமி நீங்கிய துணி என்று மறுநாளைக்குப் பயன்படுத்துவதும் கூடாது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் சிறு உறைகளாக வாங்குவதே இங்குச் சிக்கனமாகும்.

மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் வித்துக்களில் இரணஜன்னியின் வித்தும் ஒன்று. எத்துணைச் சுத்தமாகக் கட்டுப் போட்டாலும் இதற்குத் தடுப்பூசியே காவல். கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் எந்தக் காயத்துக்கும், மண் கலந்த காயமாயின் 5 ஆண்டு கடந்திருந்தாலே, மறு ஊசி வேண்டும். இதுவரை ஊசியே போடாதவரும், போட்டது நினைவில்லாதவரும் அதனை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. வரப்பில் முள் தைத்ததும் தெரியாது, உள்ளே சீழ் கட்டியதும் தெரியாது. பிறருக்கு வலி வந்து எச்சரிக்கும். இவர்களுக்கு அவ்வெச்சரிக்கை இல்லை. கட்டு மாற்றுபவருடைய கண்ணே அந்த வலியின் வேலையையும் செய்தாக வேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்தல், வீக்கம், சூடு, துர்நாற்றம், சீழ், கருமை, காய்ச்சல் இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், எவராயினும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவராயின் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. சீழை அடக்கும் மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றனவே என்று தாமே வாங்கி விழுங்குவோர் பெருகியதால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளும் பெருகிவிட்டன.

அவிழ்த்த பழைய கட்டைக் கிணற்றடியிலோ குப்பைமேட்டிலோ வீசுவது வழக்கமாயிருக்கிறது. நாய் இழுத்துத் தெருவில் போடும்; குழந்தை எடுத்து விளையாடும். காகிதத்தில் சுற்றி, பையிலிட்டு இறுகக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் சேர்க்க வேண்டும். அதன் பிறகே மூன்றாம் முறை கை கழுவுதல்.

நம் சங்கங்களின் நெசவுக் கூடங்களிலும் கிடங்குகளிலும் முதலுதவிப் பெட்டி மாட்டியிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். திறந்து பார்த்தால் காலாவதியான களிம்பும், உறை கிழிந்த துணியும், பிசுபிசுத்த பஞ்சுமே உள்ளன. சில இடங்களில் பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி காரியதரிசியிடம், காரியதரிசியோ டவுனில். உறை கலையாத சிறு கட்டுத் துணிகள், சுற்றுத் துணிச் சுருள்கள், ஒட்டுநாடா, மழுங்காத கத்தரி, இரண்டு இணைக் கையுறை, ஒரு சோப்பு, இவ்வளவே போதுமானவை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நிர்வாகக் குழுக் கூட்டத்தின் சிற்றுண்டிச் செலவை விஞ்சாது. பெட்டியை எங்கு மாட்டுவது என்பதில் மட்டும் ஒரு யோசனை கூறுகிறோம். காரியாலயத்தில் தலைவரின் படத்திற்குக் கீழே அல்ல. தண்ணீர்க் குழாய்க்கு அருகில், சோப்பு எட்டும் தூரத்தில்.